பதினான்கு படிகள்

கில்லிபெக்ஸ் துறைமுகத்தில்
பந்தயக் கடைக்கு மேலே
மலிவாய் ஓர் அறை கிடைத்தது.
ஏன் மலிவு என்று
கையெழுத்துப் போட்ட பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.
பதினான்கு படிகள்.

முழங்கால் பார்க்கிறவள்
மாடியில் கடை போட்டிருக்கிறாள் என்று
கீழே குதிரைகள்மேல் கட்டுகிறவர்கள்
என்மேலும் கட்டியிருப்பார்கள்.
கிறிஸ்துமஸ்வரை தாக்குப்பிடிப்பாளா,
ஒன்றுக்கு ஆறு.

பன்னிரண்டு வருஷ ஆஸ்பத்திரிச் சம்பளம்
மாதக் கடைசியில் தானாய் வந்து விழும்.
காய்ச்சலில் கிடந்தாலும் விழும்.
ராஜினாமாவை நீட்டியபோது மேலாளர் ஈஃபா
"சொந்தமாகவா?" என்றாள்,
துடுப்பில்லாமல் கடலுக்குப் போகிறவளிடம் கேட்பதுபோல.

மூடிப்போன அழகு நிலையத்தில்
சிகிச்சைக் கட்டில் ஒன்று வாங்கினேன்.
முகம் பதிக்கும் ஓட்டையின் விளிம்பில்
யாருடையதோ கண்மை,
எத்தனை துடைத்தும் போகவில்லை.
பெயர்ப்பலகை எழுத வந்தவன்
'சோர்ஹா கனிங்ஹம், பிசியோ' வரை எழுதினான்.
கதவு அங்கே முடிந்துவிட்டது.

காப்பீடு, பதிவு, வரி எண்.
கணக்காளர் கொல்ம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் கேட்டார்:
"ஓர் ஆளுக்கு எவ்வளவு வாங்குவாய்?"
வீட்டில் கண்ணாடிமுன் நின்று பழகினேன்.
ஐம்பத்தைந்து. ஐம்பத்தைந்து.
ஒவ்வொரு முறையும் கடைசி எழுத்தில்
குரல் தணிந்து
மன்னிப்புக் கேட்பதுபோல் முடிந்தது.

திங்கள், யாருமில்லை.
செவ்வாய், பந்தயச் சீட்டோடு ஒருவர்
வழிதவறி ஏறிவந்து, மூச்சுவாங்கி, இறங்கினார்.
புதன், துவாலைகளை மடித்தேன்.
பிரித்தேன். மடித்தேன்.

வியாழன், கீழே ஓர் இருமல்.
வலை பழுதுபார்க்கும் டோனல் கானஹன்
ஒரு கை சுவரில், ஒரு கால் முதல் படியில்.
"ஆஸ்பத்திரிக் கடிதத்துக்குப்
பதினொரு மாதமாய்க் காத்திருக்கிறேன்.
இப்போது இந்த மலை வேறா?"
அந்தப் பட்டியல் எனக்குத் தெரியும்.
அதில் பெயர்களைத் தட்டச்சு செய்தவர்களில்
நானும் ஒருத்தி.
அதை அவரிடம் சொல்லவில்லை.

இறங்கிப் போனேன்.
மூன்றாம் படியில் உட்காரவைத்து
கால்சட்டையைச் சுருட்டி
முழங்கால் சில்லின்மேல் உள்ளங்கையை வைத்து
நீட்டுங்கள், மடக்குங்கள் என்றேன்.
சோழிக்குள் மணல் நெரிவதுபோல் ஒரு நறநறப்பு.
கீழ்க்கதவு திறக்கும்போதெல்லாம்
பந்தய வர்ணனை எங்கள்மேல் கொட்டியது.
எங்கோ எதுவோ
மூக்கு நீளத்தில் ஜெயித்தது.

"எழுந்திருங்கள்.
ஏறும்போது நல்ல கால் முன்னால்.
இறங்கும்போது வலிக்கிற கால்."
ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்,
வார்டு மூலையில்
எங்கும் போகாத மூன்று மரப்படிகளை வைத்துக்கொண்டு.
இங்கே தேய்ந்த விளிம்பு, ஈர பூட்ஸ்,
ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி.
ஆறு ஏறினார். நின்றார்.
தனக்குள் ஏதோ ஐரிஷில் திட்டிக்கொண்டு
ஆறும் இறங்கினார்.

"எவ்வளவு?"
ஐம்பத்தைந்து.
குரல் தணியவில்லை. காதுமடல்தான் சுட்டது.
"பாதி மாடிக்கு முழுக் காசா?"
சிரித்தாரா என்று தெரியவில்லை.
தாள்களை எண்ணி என் கையில் வைத்தார்.
டீசல் வாசம்.

இரவு பூட்டிவிட்டு இறங்கும்போது
எந்தக் காலை முதலில் வைக்கிறேன் என்று பார்த்தேன்.
பார்த்ததில் தடுமாறினேன்.
எனக்கு வலி காலில் இல்லை,
வலது கட்டைவிரலின் அடியில்.
பிறர் முதுகுகளை அழுத்தி அழுத்தி வந்தது.
இனி வாடகையும் அதன்மேல்தான் நிற்கும்.

நாளைக்கு இரண்டு பேர்.
ஒருத்திக்கு இடுப்பு.
மூன்றாம் படிக்கு ஒரு மெத்தைத் திண்டு வாங்க வேண்டும்.
ரசீதை மறக்காமல் வாங்கு என்பார் கொல்ம்.